வாக்கிடாக்கியில் ஒரு இருமல்

"அந்த ஃபோர்க்லிஃப்ட்காரன் வந்தா நான் விருந்துக்கே வரமாட்டேன்!"

சரக்குக் கிடங்கில் கிரேன்காரருக்கு அன்றுதான் கடைசி நாள்; அங்கேயே பிரிவு விருந்து. அன்றைக்கும் முறுக்கு குறையவில்லை.

"முப்பது வருஷக் கோவமா? விடுங்க" என்றாள் மனைவி.

"எப்படி விடுறது? கிடங்குக்கே வாக்கிடாக்கியில ஒரே சேனல். கிரேன் மேல நான், கீழ கொடி காட்டிக்கிட்டு நீ. உன்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசினா, உடனே பட்டனை அமுக்கி லொக்கு லொக்குன்னு இருமுவான். நம்ம கல்யாணம் ஆனதும் இருமலும் போச்சு. பொறாமை புடிச்சவன்!"

"நீங்க பேசினது எனக்குக் கேட்டுதே. நேர் கீழதானே நின்னேன்."

விருந்துக்கு வந்திருந்த பழைய சூப்பர்வைசர் சிரித்தார்.

"எனக்குக் கேக்கலையேம்மா! வயர்லெஸ்ல சொந்தக் கதை பேசினா அன்னைக்கே வேலை காலி. உங்க ரெண்டு பேரையும் பிடிக்கணும்னு ஆபீஸ்ல செட்டைக் காதோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஜன்னலுக்கு வெளிய அவன் வண்டி நிக்கும்; கிட்ட இருக்கிறவன் சத்தம்தான் செட்ல முந்தும். அவன் இருமல்ல உங்க பேச்சு ஒரு எழுத்துகூட காதுல விழல. நேர்ல பாத்தா ஒருநாளும் இருமமாட்டான், படுபாவி!"

கிரேன்காரர் திருப்பித் தர வைத்திருந்த வாக்கிடாக்கியை எடுத்துப் பட்டனை அமுக்கினார்.

"மாப்ளே... எங்கடா இருக்க? நீ வராம இலையில கை வைக்கமாட்டேன். அப்புறம்... உன்கிட்ட ஒரு வார்த்தை..."

அதோடு பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

செட் கரகரத்தது. பிறகு கிடங்கு முழுக்கக் கேட்டது, முப்பது வருஷமாகக் கேட்காத அந்த இருமல்.