முள்வேலிக்கு அந்தப் பக்கம்

பாக்தாத் போகும் டாரஸ் எக்ஸ்பிரஸ் நுசைபின் நிலையத்தில் நீராவியைக் கக்கியபடி நிற்கிறது. காலை வெயிலில் தண்டவாளம் கண்ணைக் கூசவைக்கிறது. இந்தத் தண்டவாளத்தையே நாட்டின் எல்லையாக்கியபோது பெரிஹானின் பிறந்த வீடு சிரியாப் பக்கம் போய்விட்டது; வாழ்க்கைப்பட்டது துருக்கிப் பக்கம். பனிக்காலத்தில் அப்பா இறந்தபோதுகூட அவளை வேலி தாண்ட விடவில்லை. இப்போது ரயில் ஜன்னலில் கைக்குழந்தையை உயர்த்திப் பிடிக்கிறாள். முள்வேலிக்கு அப்பால், கோதுமை வயலில், நெற்றிமேல் கைவைத்து அம்மா பார்க்கிறாள். “பேரு என்னடீ?” பெரிஹான் கத்திச் சொல்லியும் இஞ்சின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. வேலியோரம் காவல் நிற்கும் சிப்பாய் திரும்புகிறான். “அந்தப் பக்கம் பேசக்கூடாதுன்னு தெரியாதா?” “அப்பா பேரைத்தான் வெச்சிருக்கேன் அண்ணே, மிர்ஸோன்னு. அது மட்டும் அம்மா காதுல விழுந்தாப் போதும்.” அவன் துப்பாக்கி வாரைச் சரிசெய்துகொள்கிறான். ஊதல் ஒலிக்கிறது, பெட்டிகள் குலுங்கி நகர்கின்றன. சிப்பாய் சட்டென்று வாயருகே கைகுவித்து வயலைப் பார்த்துக் கத்துகிறான்: “மிர்ஸோ! பேரு மிர்ஸோவாம்மா!” அம்மாவின் கை மெல்லக் கீழே இறங்குகிறது. வாழ்ந்த காலமெல்லாம் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் அவள். இப்போது பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக ஓடிவருகிறாள். “மிர்ஸோ! டேய் மிர்ஸோ!” சக்கரங்களின் சத்தத்தையும் மீறி அது பெரிஹானுக்குக் கேட்கிறது.