நீ தொடாதே, வாசி

“கீபோர்டுல கை வைக்காதேண்ணா. நீ தொட்டது போதும். திரையில என்ன வருதோ, அதை வாசி.”

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான். நேற்று மாலை தங்கையின் கம்ப்யூட்டரைக் கடன் வாங்கியவன், லினக்ஸ் டெஸ்க்டாப்பை அழகாக்குகிறேன் என்று இணையத்தில் கிடைத்த எக்ஸ்டென்ஷன் என்னும் அலங்காரத் துணைநிரல்களையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தான். காலையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. எழுதிய புரோகிராமை மதியத்துக்குள் அனுப்பாவிட்டால், கைக்கு வரவிருந்த முதல் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

“லட்சணமாத்தான் இருக்கு. திரையில ஒரு ஜன்னலை மூடினா அது தீப்பிடிச்சு எரியுது, தெரியுமா?”

“என் வயிறும்தான் எரியுது. எனக்கு டெஸ்க்டாப் செத்துக் கெடக்கு.”

சில விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். “இப்போ?”

“ஒரே கறுப்பு. பேரு கேக்குது.”

பெயர், கடவுச்சொல், கட்டளை என்று அவள் விரல்கள் தயங்காமல் ஓடின. அவன் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனாக நீக்கிக்கொண்டே வந்தாள்.

“கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடவா?”

“அவர் வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிடும். அடுத்தது என்ன?”

“தீ. அதை மட்டும் விட்டுடு தாயே. அது பாவம், என்ன பண்ணிச்சு?”

விட்டாள். கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

“எல்லாம் வந்துடுச்சு. பழையபடியே இருக்கு,” என்றான் அவன்.

“இல்ல.”

“என்ன இல்ல? என் கண்ணு முன்னாடி இருக்கு.”

“உன் கண்ணை நீயே வச்சுக்கோ. தீயையும் தூக்கறேன்.”

தூக்கினாள். மீண்டும் நுழைந்தாள். மீண்டும் காத்திருந்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீ போய்த் தூங்குண்ணா. இனிமே நீ வாசிக்க வேண்டாம்.”

புரோகிராம் மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. வேலை அவளுக்கே கிடைத்தது. அண்ணன் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டான். அவளுடையதில் இப்போது எந்த அலங்காரமும் இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரல் மட்டும் அன்று திரும்பி வந்ததிலிருந்து ஒருநாளும் நின்றதில்லை, பிறந்ததிலிருந்தே பார்வையில்லாத அவளுக்கு அதுதான் டெஸ்க்டாப்.