காத்து வர்ற சீட்

“ஏனுங்க அம்மணி, சீட்ல கொஞ்சம் காத்து வேணும்னா கூரையில எதுக்குங்க ஓட்டை போடோணும்?”

நரசிம்மலு இதைக் கேட்டது விற்பனைப் பெண் லோகப்பிரியாவிடம். அவிநாசி ரோட்டிலிருந்த அந்தக் கார் ஷோரூமில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள்.

“அது ஓட்டை இல்லைங்க சார், சன்ரூஃப். சீட்ல காத்து வர்ற வசதி டாப் மாடல்ல மட்டுந்தாங்க. அதை எடுத்தா சன்ரூஃப், எட்டு ஸ்பீக்கர், நாலு பக்கமும் கேமரா, கதவுல கலர் லைட்டு, எல்லாம் சேர்ந்தே வந்துருங்க.”

“எத்தனை சாஸ்தி?”

“மூணு லட்சத்து நாப்பதாயிரம்ங்க.”

நரசிம்மலு பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தார். பங்காரம்மா நாற்காலியில் சாயாமல், முதுகில் பலகை வைத்துக் கட்டியது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்து ஐந்து மாதம். விலாவிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பெல்ட். அதைப் போடாமல் எங்கேயும் உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

“பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தோப்பு இருக்குதுங்க. இருவது வருசமா இவதான் பாத்துக்கறா. போன வாரம் பழைய கார்ல கூட்டிட்டுக் கிளம்பினேன். கிணத்துக்கடவு போறதுக்குள்ள பெல்ட்டுக்குள்ள வேர்த்து, முதுகெல்லாம் புண்ணாகிப்போச்சு. பாதி வழியில திருப்பிட்டோம். ஏசியை எத்தனை வெச்சாலும் அது மூஞ்சிக்குத்தானுங்க வருது, முதுகுக்கா போகுது?”

“நான் ஊட்லயே இருந்துக்கறேன்னு சொன்னா இவரு கேக்க மாட்டேங்கறாரு அம்மணி” என்றாள் பங்காரம்மா.

“நீ எதுக்கு ஊட்ல கெடக்கோணும்?” என்று அவர் சீறினார். கோபம் அவள் மேல் இல்லை என்பது லோகப்பிரியாவுக்குப் புரிந்தது.

சற்று முன்புதான் டெமோ காரில் பங்காரம்மாவை உட்காரவைத்து, சீட்டில் காற்று வரும் பட்டனை அழுத்தியிருந்தாள். முதுகுப் பக்கம் மெல்லக் காற்று கிளம்பியதும் அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு, பத்து நிமிஷம் எழுந்திரிக்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகு, ‘வராதுங்க’ என்று சொல்ல லோகப்பிரியாவுக்கு வாய் வரவில்லை. மேனேஜரிடம் போய், சின்ன மாடலிலேயே அந்த சீட்டை மட்டும் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். மேனேஜர் கிருபாசங்கர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தானே எழுந்து வந்தார்.

“சார், தனியா எல்லாம் வராதுங்க. கம்பெனி பேக்கேஜ். இப்ப கஸ்டமர்ஸ் அதைத்தான் விரும்பறாங்க.”

“எந்தக் கஸ்டமரு? நானுந்தானுங்க கஸ்டமரு. என்னைய யாரு கேட்டாங்க?” நரசிம்மலுவின் குரல் உயர்ந்தது. “கால் கிலோ மொளகா வாங்கப் போனா, அரிசி மூட்டையையும் தூக்கிட்டுப் போன்னு எந்தக் கடைக்காரனாச்சும் சொல்றானுங்களா? எட்டு ஸ்பீக்கரை வெச்சுட்டு நான் என்ன பண்றது? காது ரெண்டுதானுங்களே இருக்குது!”

அக்கம்பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கோவப்படாதீங்க சார். சன்ரூஃப் இருந்தா ஊருக்குள்ள ஒரு கௌரவம்…”

“முதுகுல புண்ணை வெச்சுட்டு இவ கூரை வழியா தலையை நீட்டி ஊரைப் பாக்கறதா கௌரவம்? நோவு இருக்கற ஆளுக்குத்தான் அந்த சீட் வேணும். அவனால அதை வேண்டாம்னு உட முடியாதுன்னு தெரிஞ்சுதானுங்க அதை டாப் மாடல்ல கொண்டுபோய் ஒளிச்சு வெச்சுருக்கீங்க?”

கிருபாசங்கர் சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்க லோகப்பிரியாவுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, உடுங்க” என்றார் நரசிம்மலு. “சின்ன மாடலே குடுங்க. சீட்டுக்கு ஃபேன் நான் வெளியில போட்டுக்கறேன்.”

“அந்தத் தப்பை மட்டும் பண்ணிப்போடாதீங்க சார். வாரண்டி போயிரும். நாளைக்கு சீட் தீப்புடிச்சா யாருங்க பொறுப்பு? இதெல்லாம் ஃபாரின் டெக்னாலஜி. நம்மூர்ப் பட்டறைக்காரன் செய்யற சாமானும் இதுவும் ஒண்ணாகுமுங்களா?”

நரசிம்மலு சட்டென்று எழுந்தார். விறுவிறுவென்று டெமோ காருக்குப் போனார். கதவைத் திறந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். செல்போன் வெளிச்சத்தை சீட்டுக்கு அடியில் அடித்தார்.

“அம்மணி, இப்படிக் குனிஞ்சு பாருங்க. என்ன தெரியுது?”

லோகப்பிரியா குனிந்தாள். “உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பா ஒரு ஃபேன் இருக்குதுங்க சார். ஓரத்துல சின்ன ஸ்டிக்கர், அதுல ஏதோ நம்பரு…”

“நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, கடைசியில ஒரு ‘கே’. சரிதானுங்களா?” அவர் சீட்டுக்கு அடியில் பார்க்கவே இல்லை. மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்குதுங்க சார்! உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

நரசிம்மலு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“சிங்காநல்லூர்ல எம்பட பட்டறையிலதானுங்க இதைச் செய்யறோம். சீட் கம்பெனிக்காரங்க ஒரு ஃபேனை அறுநூத்தி எம்பது ரூபாய்க்கு எங்ககிட்ட எடுத்துட்டுப் போறாங்க. போன மாசம் அஞ்சு ரூபா ஏத்திக் கேட்டதுக்கு, அப்படிக் குடுத்தா காரோட விலை எகிறிப்போயிரும்னு சொல்லிப்போட்டாங்க!”