குட்டி பால் குடிச்சுதா?

வான் தீவைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட கடலுக்குள் சுற்றுலாப் படகு நுழைய வேண்டுமானால் டால்பின்கள் "வாங்க" என்று சொல்ல வேண்டும். அவற்றின் விசில் சத்தம் படகுத் திரையில் தமிழில் வந்துவிடும்.

ஜெனோவா படகு ஓட்டிய வரைக்கும் தடையே இருந்ததில்லை. அவள் பிரசவ விடுப்பில் போனதும் கணவன் ரெக்ஸன் படகை எடுத்தான். இரண்டு மாதமாக டால்பின்கள் அவனைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

"ஜெனோவா எங்க, ஜெனோவா எங்கன்னு ஒரே பேச்சு. இப்படியே போனா லைசென்ஸ் போயிரும்" என்றான் அவளிடம்.

மறுநாள் காலை ஜெனோவா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனுடன் கிளம்பினாள். எல்லையை அடைந்ததுமே ஏழெட்டு டால்பின்கள் துள்ளிக்கொண்டு வந்தன. பிள்ளை வீலென்று அழுதது. சட்டென்று எல்லாம் அடங்கின. ஒரு தாய் டால்பின் மட்டும் தன் குட்டியோடு படகை ஒட்டி வந்து, தலையை உயர்த்திப் பார்த்தது.

திரையில் எழுத்து வந்தது: "குட்டி ரொம்பச் சின்னது. வீட்டுக்குப் போ."

"வந்த உடனே வெரட்டுதுவளே!" ஜெனோவா சிரித்தாள், கண் நிறைந்துவிட்டது. பேச்சை விசிலாக மாற்றும் மைக்கின் பக்கம் குனிந்து, "அப்போ இவர உள்ள விடுங்க. எம் வீட்டுக்காரருதான்" என்றாள்.

அடுத்த நாள் பயணிகளோடு போன ரெக்ஸனை உள்ளே விட்டன. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி வந்தது: "குட்டி பால் குடிச்சுதா?"

தினமும் கேட்கின்றன. மனைவியிடம் விசாரிக்காமல் ரெக்ஸன் இப்போது நங்கூரம் எடுப்பதில்லை.