முதுகு காட்டி ஏறியவள்

நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்து மலைக்கோயிலுக்குத் தூக்கிப்போவது எங்கள் பிழைப்பு. அவள் எங்களை வேண்டாமென்றாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத உடம்பு. ஏற வேண்டியதோ அறுநூறு படி. மலைக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி உடம்பை மேல்படிக்குத் தூக்கினாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்துக்கொண்டாள். விட்டுவந்த படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பிறகு அடுத்த படி.

"சாமிக்கு முதுகு காட்டிக்கிட்டா போறது?" என்றான் என் கூட்டாளி ஒச்சப்பன்.

"நான் எதுக்குப் பாக்கணும்? அவரு என்னைப் பாத்தாப் போதும்ணே."

வெயில் ஏறியது. பாதி மலையில் அவள் உள்ளங்கை கிழிந்தது. அதற்கு மேல் படிகளில் எது குங்குமம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரும் சொல்லாமலே ஜனங்கள் அந்தப் பொட்டுகளை மிதிக்காமல் ஒதுங்கி ஏறினார்கள்.

சாயங்காலம் கடைசிப் படிக்கும் பொட்டு வைத்தாள். கை பழக்கத்தில் பின்னால் போய் அடுத்த படியைத் தேடியது. சமதளம் தட்டுப்பட்டது. கை அதை நம்பாமல் தடவிக்கொண்டே இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நடை திறந்து தீபம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எத்தனை படி இருக்குண்ணே?" என்றாள், திரும்பாமலே.

இரண்டு படி கீழே அவளைப் பார்த்தபடி நின்றிருந்தேன். இருபது வருடமாக இந்த மலையில் ஆள் சுமக்கிறவன். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சன்னதியில் நிற்கிறவன் போல இடுப்பில் கட்டிக்கொண்டேன்.