மத்தி மீனும் வெட்டுக்காதும்

ஜெசிந்தா தெருப்பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடிப்பாள். கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியை டாக்டர் வெட்டியதும், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவாள். அப்புறம் தினமும் அவற்றுக்கு மத்தி மீன்.

அவள் வீட்டுப்பூனை பட்டாணிக்கு வயிறு எரிந்தது. "எனக்குப் பாக்கெட் தீனி, அந்தக் காதறுந்ததுகளுக்கு மீனா? நானும் காதை வெட்டிக்கிட்டு வர்றேன்!"

ஒருநாள் தானே போய்க் கூண்டுக்குள் உட்கார்ந்தது. கதவு படாரென்று விழுந்தது. கூண்டின் மேல் துணி போர்த்த வந்த ஜெசிந்தா, கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்தாள்.

"அடி பட்டாணி! உனக்கு இங்கே என்னடி வேலை?" என்று அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

மாலையில், காது வெட்டிய கறுப்புப்பூனையிடம் பட்டாணி ஜன்னல் வழியே பொருமியது. "உனக்கு மட்டும் வெட்டினாங்க. எனக்கு வெட்ட மாட்டாங்களாம்."

"பிடிச்சதையே மறுபடி பிடிச்சிடக் கூடாதுன்னுதான் எங்களுக்கு இந்த வெட்டு. அவளுக்கு நாங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவோம். உன்னை எப்படிக் கண்டுபிடிச்சா?"

"வாலைப் பார்த்தா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா."

கறுப்புப்பூனை அன்று மீனைத் தொடவில்லை.