பக்கத்து சீட்டில் ஐம்பது கிலோ

“வண்டி ஒரு பக்கமா மூக்கைத் தூக்கிட்டு நிக்குது. இதைத்தான் ‘ரெடி’ன்னு போன் பண்ணிச் சொன்னீங்களா?”

அவள் கேட்ட கேள்வியில் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

கணவனின் போன் அணைந்திருந்ததால் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஆபீஸ் போகிற வழிதானே என்று அவளே வந்துவிட்டாள்.

இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். வயதில் அவளுக்கு மூத்தது. முன்பக்கம் தொங்கிப்போய், சின்ன மேடு வந்தாலும் ‘டம்’மென்று அடிவாங்கும். அதைச் சரி செய்யத்தான் விட்டிருந்தான்.

“குனிஞ்சு பாருங்க. டிரைவர் பக்கம் சக்கரத்துக்கு மேல மூணு விரல்தான் போகுது. இந்தப் பக்கம் நாலு விரல் போகுது. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?”

“மேடம், டிரைவர் சீட்ல மணல் மூட்டை இருக்கு பாருங்க. அது சாரோட எடை. பக்கத்து சீட் மூட்டைகளை இப்பதான் இறக்கினேன். திரும்ப வெச்சா சமமாயிடும்.”

தரையில் கிடந்த இரண்டு மூட்டைகளைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார். கார் மெல்ல இறங்கி நேராக நின்றது.

“இத்தனை வருஷமா சார் தனியா ஓட்டுற மாதிரிதான் உயரம் வெச்சிருந்தோம். இந்தத் தடவை, பக்கத்துல ஆள் உட்கார்ந்தா சரியா நிக்கணும்னு சொல்லிட்டார்.”

அவள் முகம் மலர்ந்தது. நமக்காகவா!

“இந்த ரெண்டு மூட்டையும் சேர்த்து எவ்வளவு?”

“ஐம்பது கிலோ.”

ஐம்பது கிலோவில் அவள் கடைசியாக இருந்தது கல்யாண ஆல்பத்தில்.

“எழுபது கிலோ உட்கார்ந்தா?”

மெக்கானிக் அவளைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். “கொஞ்சம் இறங்கும் மேடம்.”

“ஐம்பதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“தூக்கிப் பார்த்திருக்காராம்.”

“தூக்கியா?”

“ஆமா மேடம். குலுங்கவே கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டார். அதான் ஸ்பிரிங்கை மாத்தி, அடியில தகடு வெச்சு, ஒவ்வொரு பக்கமா ஏத்தி இறக்கி... லேசா ஆடினாகூட அவங்களுக்கு ஆகாதாம்.”

குலுங்கக் கூடாது! அதற்கு அர்த்தம் தெரியாமல் இருக்க அவள் என்ன பச்சைக் குழந்தையா? இரண்டு பிள்ளை பெற்றவள்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் போன் மணியடித்தது. பேசிவிட்டு வைத்தார்.

“சார்தான். பக்கத்துல வந்துட்டாராம். இருங்க மேடம், டீ சொல்றேன்.”

“டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வந்ததை மட்டும் அவர்கிட்ட சொன்னீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!”

தெருமுனையில் ஒரு டாக்ஸியைப் பிடித்து உள்ளே உட்கார்ந்தாள். கார் வெளியே வந்ததும், “அந்தக் காருக்குப் பின்னாடியே போங்க” என்றாள்.

“நடந்து போனாகூடப் பிடிச்சிடலாம் மேடம்” என்றார் டிரைவர். “பள்ளம் எங்கே, மேடு எங்கேன்னு தேடித் தேடி ஓட்டுறாரே!”

ஒத்திகை பார்க்கிறான்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வயிற்றில் பிள்ளையோடு அவள் நின்றபோது, ‘இது உனக்குச் சரிப்படாது, தூக்கித் தூக்கிப் போடும்’ என்று பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவன் இவன்.

கார் திரும்பிய தெருவைப் பார்த்ததும் அவள் சீட்டின் நுனிக்கு வந்தாள். அவளுடைய அப்பா வீடு இருக்கும் தெரு!

கல்யாணத்தை எதிர்த்தார் அப்பா. அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. முதுகெலும்பு ஆபரேஷன் ஆகி அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவான். ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பானா? அவர் கிடக்கும் தெருவிலேயே எவளையோ குடி வைத்திருக்கிறானே, எவ்வளவு நெஞ்சழுத்தம்!

கார் நின்றது. அவன் இறங்கினான். நேராக அப்பாவின் வீட்டுக்குள் போனான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்ஸியை விட்டு இறங்கி வேகமாக நடந்தாள். வாசலை நெருங்குவதற்குள் அவனே வெளியே வந்தான்.

இரண்டு கைகளிலும் அப்பாவை ஏந்தியிருந்தான். ஒரு காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி. இப்போது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பழந்துணிபோல் அவன் கைகளில் கிடந்தார்.

அவளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“ஆம்புலன்ஸ்லயே போய்ப் போய் மாமாவுக்கு வெறுத்துப்போச்சு” என்றான் அவன், தப்பு செய்து மாட்டிக்கொண்டவன்போல. “ஒரு தடவை நம்ம கார்ல வெளியே போகணும்னு ஆசைப்பட்டார். அதான் இன்னிக்கு லீவு போட்டுட்டு...”

“நீங்க இங்க வர்றீங்களா?”

“தினமும் ஆபீஸ் விட்டதும் வருவேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டார்.”

அவள் கோபமெல்லாம் அப்பா பக்கம் திரும்பியது.

“போன ஞாயித்துக்கிழமைகூட ‘உன் புருஷன் ஒரு மனுஷனா’ன்னு கேட்டீங்களேப்பா! அதைக் கேட்டுட்டுப் போய் இவரோட நான் எப்படிச் சண்டை போட்டேன் தெரியுமா? வாயே திறக்கலை இவர். எதுக்குப்பா அப்படித் திட்டினீங்க?”

அப்பா மருமகன் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“திட்டுறதைத் திடீர்னு நிறுத்தினா நீ ஏன்னு கேட்பேம்மா. அப்புறம், நான் இவர்கிட்ட மன்னிப்புக் கேட்டதை உன்கிட்ட சொல்ல வேண்டி வருமே?”